கீறியா என்றொரு பல்லவி

அந்த வருட ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். முந்தைய வருடம் பத்தாம் வகுப்புப் பையன்கள் ஆடிய பாட்டைக் கேட்டுப் பெற்றோர் சிலர் முகம் சுளித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவர் அவர். "வேற ஏதாவது பாத்துக்கங்க மேடம்" என்று என்னிடம் சொன்னார். வேற என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அங்கே பகுதி நேர இசை ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில், சாலை மேலே ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது பள்ளி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளும், மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள். சத்துணவு அரிசி மூட்டைகள் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறைதான் இசை வகுப்பு. என் கீபோர்டைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். கண்டக்டர்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். கூட்டம் ஏறினால் "பொட்டிய பாத்துக்கங்க டீச்சர்" என்று அவர்களே குரல் கொடுப்பார்கள்.

சினிமாப் பாட்டு இல்லை என்ற செய்தியை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கரும்பும் போடுகிற விவசாயி. அவள் வாய்த்துடுக்கு ஆசிரியர் அறை வரைக்கும் பிரசித்தம்.

"சினிமாப் பாட்டையும் யாரோ ஒருத்தர் கட்டனதுதான டீச்சர்? நாமளே ஒண்ணு கட்டிக்கினா இன்னா?"

விழுப்புரத்தில் இசை படித்த வருடங்களில் நான் கற்றதெல்லாம் வேறு யாரோ இயற்றிய வர்ணமும் கீர்த்தனையும்தான். ஒரு கமகம் பிசகினால் எங்கே பிசகியது என்று சொல்லத் தெரியும். இல்லாத பாட்டை உண்டாக்கும் வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப எல்லாரும் சேந்து கத்துக்கலாம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது.

முதல் வாரம் வந்த வரிகளெல்லாம் நிலவே, மலரே, உயிரே. ஒரு பையன் நான்கு வரிக்குள் மூன்று உயிரே போட்டிருந்தான். யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டால், யாரையும் இல்லை, பாட்டென்றால் அப்படித்தானே இருக்கும் என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. கேட்ட பாட்டெல்லாம் அப்படித்தான் இருந்தன. அடுத்த வகுப்புக்குள் காதில் விழுகிற ஒரே ஒரு பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். நிஜமாக யாரோ வாய்விட்டுச் சொன்ன பேச்சாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்த வகுப்பு ஒரே அமர்க்களம். கண்டக்டரின் "உள்ள போ, உள்ள போ, எடம் கீது பாரு" வந்தது. விடுதிச் சமையல்கார அம்மா தட்டைக் கழுவாமல் போட்டவனைத் திட்டியது வந்தது. ஒருத்தி தன் அம்மா கோழியைக் கூப்பிடுவதைச் செய்து காட்டினாள். கண்டக்டர் பேச்சைச் சரளி வரிசை மெட்டில் பாடிப் பார்த்தோம். அவ்வளவு சிரிப்பு அந்த அறையில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் எதுவும் சொல்லவில்லை. விடுதிப் பையன். காலைப் பிரார்த்தனையில் கடவுள் வாழ்த்து பாடுகிறவன் அவன்தான். ஐந்து கட்டையில் கம்பி போல நிற்கும் குரல். அவன் பாடும்போது அணி கலைக்கும் பையன்கள்கூட அசையாமல் நிற்பார்கள். நீ என்ன கேட்டாய் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல பேசறது கம்மி டீச்சர்" என்றான். "கூப்புடறதுதான்."

விவரம் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவர்கள் வீடு மலையில் ஒரு சரிவில் இருக்கிறது. எதிர்ச் சரிவில் அவர்களுடைய சாமைக் கொல்லையும் அப்பா கட்டிய கொட்டகையும் இருக்கின்றன. நடுவில் ஓர் ஓடை. இறங்கி ஏறினால் பாதிப் பொழுது போய்விடும். அதனால் உப்பு வேண்டுமா, ஆடு அந்தப் பக்கம் வந்ததா, சோறு ஆயிற்று வரலாமா, எல்லாமே கூப்பிட்டுக் கேட்பதுதான். முதலில் அங்கே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கூப்பாடு. பதில் வந்தால்தான் மற்றப் பேச்சு.

எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டால் வெட்கப்பட்டான். நாலு சுவருக்குள் அது வராது என்றான். எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றான்.

"கீறியா…"

அந்த 'கீ' மேல் ஷட்ஜத்தில் ஏறி நின்றது. நிற்க வேண்டிய மட்டும் நின்று, பஞ்சமத்துக்கு இறங்கி, 'யா' காந்தாரத்தில் போய் மெல்லக் கரைந்தது. நான் ஓடிப்போய்க் கீபோர்டை எடுத்து வந்து வராண்டாவில் வைத்துக் கட்டைகளை அழுத்திப் பார்த்தேன். கிட்டத்தட்ட மோகனம். முழுக்க மோகனம் என்று சொல்ல முடியாது. அந்த இறக்கத்தில் என் கட்டைகளுக்கு நடுவே விழுந்த ஓர் இழுப்பு இருந்தது. அதை என்னால் வாசிக்க முடியவில்லை, அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். எங்களுக்குப் பல்லவி கிடைத்துவிட்டது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் வாய்த்துடுக்குப் பெண்ணுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. விழாவில் பெரிய மனிதர்கள் இருப்பார்கள், 'இருக்கின்றாயா' என்று வைக்கலாம் என்றாள். அவன் முதன்முறையாக அவளோடு சண்டைக்கு வந்தான். அவ்வளவு நீளமாகக் கேட்டு முடிப்பதற்குள் ஆடு அடுத்த மலைக்குப் போய்விடும் என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரிதான், 'கின்றா' வாயில் கல் மாதிரி இடறுகிறது என்று ஒத்துக்கொண்டாள். பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். சமவெளியிலும் கூப்பிடுகிறோமே என்றாள். வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கரண்ட் வந்துவிட்டதா, மோட்டாரைப் போடு, மடை உடைந்துவிட்டதா பார் என்று. நாற்று நடப் போகும் அம்மாக்கள் உள்ள பிள்ளைகள், காலையில் தெருவில் ஒருவரை ஒருவர் வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வதைச் சொன்னார்கள். எல்லாம் பாட்டுக்குள் வந்தன.

கீறியா… ஓ… கீறியா…
மேகம் எறங்கி வருது, வூட்டுல கீறியா
ஆடு அங்க வந்துச்சா, அடுப்புல நெருப்பு கீதா
கரண்ட்டு வந்துடுச்சா, கால்வாயில தண்ணி கீதா

தலைமையாசிரியை வரிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கீறியாவா மேடம்? இது பாட்டுல வரணுமா?" என்றார். ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் அவர் அறை வாசலில் நின்று பாடினார்கள். அவர் மணலூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரர். கேட்டு முடித்ததும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்க வூட்டுலயும் கொல்லைக்கு இப்படித்தான் கூப்புடுவாங்க" என்றார். 'வூட்டுல' என்று அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பாட்டு நகரவில்லை. பல்லவி இருந்தது, கேள்விகளும் நிறையச் சேர்ந்தன. சரணத்தை எப்படிக் கட்டினாலும் எங்கோ போய் முட்டி நின்றது. வேறு ராகத்துக்குப் போய்ப் பார்த்தோம். தாளத்தை மாற்றிப் பார்த்தோம். பெஞ்சில் தாளம் தட்டித் தட்டிப் பிள்ளைகளின் விரல்கள் வலித்தன. பொங்கல் விடுமுறை வந்தது. விட்டுவிட்டு, வந்த பிறகு பார்க்கலாம் என்று கலைந்தோம்.

விடுமுறை முடிந்து வந்த முதல் வகுப்பில் விடுதிப் பையன் பல்லவியை எடுத்தான். 'கீ' மேலே ஏறவில்லை. பாதியில் கிழிந்து, தகரத்தை இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி கிழிந்தது. வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட அந்தப் பெண் பலமாகச் சிரித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு இசை வகுப்புக்கு வரவில்லை. காலைப் பிரார்த்தனைக்கும் வேறொரு பெண் பாடத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மதிய இடைவேளையில் சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையில் அவனைப் பார்த்தேன். சாப்பிட்ட தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினான்.

விடுமுறையில் மலையில் பனி ஜாஸ்தி என்றும், பனியில் ஆட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கெட்டுவிட்டது என்றும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவன் அம்மா மிளகும் வெற்றிலையும் கொடுத்திருக்கிறார். சுடுதண்ணீர் குடித்துப் பார்த்திருக்கிறான். விடுதியில் ஒருவன், இது பெரிய வியாதி, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று பயமுறுத்தியும் இருக்கிறான். அவன் அப்பா குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. இதையெல்லாம் சொல்ல வீட்டில் வேறு ஆண்பிள்ளை யாரும் இல்லை.

இது வியாதி இல்லை, எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும் என்று சொன்னேன். மகரக்கட்டு என்று இதற்குப் பெயரே இருக்கிறது என்றேன். கூச்சமாகத்தான் இருந்தது, இரண்டு பேருக்கும். அவன் சிமெண்ட் தரையை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டான்.

"பழைய கொரலு எப்ப வரும் டீச்சர்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத்தான் தோன்றியது. "அது வராதுப்பா" என்றேன். "வேற ஒண்ணு வந்துக்கினு இருக்குது. இன்னும் முழுசா வரல."

அவன் அழவில்லை. அப்பாவுக்கும் இப்படி வந்திருக்குமா என்று கேட்டான். கண்டிப்பாக வந்திருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை டவர் கிடைத்தால் கேட்க வேண்டும் என்றான். மணி அடித்தது, தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பாட மாட்டேன், உட்கார்ந்திருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். அந்தப் பெண் எழுந்து போய் அவனுக்கு முன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் கேட்கிற ஆளும் இல்லை.

"டேய், நீ கூப்புட வேணாம். நான் கூப்புட்டுக்கறேன். நீ கூப்புட்டா அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு பேசுவாங்க?"

"எங்கப்பா."

"இன்னா சொல்லுவாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, மூச்சை உள்ளே இழுத்து, அடிவயிற்றிலிருந்து, கீழே எங்கோ தொடங்கி மெல்ல மேலே வரும்படி சொன்னான். "கீறேன்…"

அந்தக் குரல் அவனிடம் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு இடத்தில் பிசிறியது. ஆனாலும் அது ஒரு பெரிய ஆளின் குரல். நிமிர்ந்து எங்களையெல்லாம் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இவ்வளவு நாள் எங்கள் பாட்டில் கூப்பிடுவது மட்டுமே இருந்தது. பதில் சொல்ல ஆளே இல்லை. சரணம் எப்படி நகரும்? அதைச் சொன்னதும் வகுப்பே ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது.

கீறேன்… இங்கதான் கீறேன்
கொரலு கேட்டுச்சு, கௌம்பி வரேன்

இந்த இரண்டு வரியும் அன்றைக்கே வந்துவிட்டன. மெட்டுதான் நாளெடுத்தது. அவன் குரலில் அப்போது உறுதியாக நின்றவை நாலைந்து சுரங்கள்தான். அவற்றை மட்டும் வைத்து அவன் பகுதியைக் கட்டினோம். அடுத்த வகுப்புக்கு வந்து பார்த்தால் அதில் ஒன்று போய்விட்டிருக்கும், கீழே புதிதாக ஒன்று வந்திருக்கும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி பிரித்துப் பிரித்துத் தைத்தோம். முன்பெல்லாம் பாட்டுக்குக் குரல் பொருந்தவில்லை என்றால் குரலைத்தான் திருத்துவேன். பாட்டைத் திருத்தலாம் என்பது எனக்கு அந்த மாதத்தில்தான் கைவந்தது. அந்தப் பெண்ணுக்கோ அவனைப் போன்ற குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. குச்சிக்கிழங்குக் கொல்லையில் நின்று கூப்பிட்டுப் பழகினாளாம். பக்கத்துக் கொல்லைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்திருக்கிறார்.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. மலையிலிருந்து பெற்றோர் பலர் மதிய பஸ்ஸிலேயே வந்து, பின்வரிசைக்கும் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மேடையில் நிற்கப் பயந்தான். மைக்கில் குரல் பிசிறினால் ஊருக்கே கேட்கும் என்றான். அப்படியானால் மேடைக்கு வராதே, கேட் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று மைக் இல்லாமல் பாடு, உங்கள் ஊரில் மைக்கா வைத்திருக்கிறீர்கள் என்றாள் அந்தப் பெண். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். கரகரத்த குரல்தான், ஆனால் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போயிற்று. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. கரண்ட்டு வந்துடுச்சா என்றபோது விவசாயிகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரே சிரிப்பு. கடைசியாக மறுபடி கீறியா என்று கூப்பிட்டுவிட்டு அவள் நிறுத்தினாள். அவன் பாட வேண்டிய இடம் அது. சத்தமே இல்லை. பார்வையாளர்கள் பாட்டு முடிந்துவிட்டதென்று கை தட்டத் தொடங்கினார்கள். அவள் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள். அவள் துடுக்குக்கு அன்றைக்கு நான் நன்றி சொன்னேன். மறுபடி கூப்பிட்டாள், இன்னும் நீளமாக.

"கீறேன்…"

பின்னாலிருந்து வந்தது. முதல் எழுத்து உடைந்தது. அடுத்த மூச்சில் எடுத்து நிறுத்திவிட்டான். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கதான் கீறேன் என்று பாடிக்கொண்டே கூட்டத்துக்கு நடுவே மேடையை நோக்கி நடந்து வந்தான். அப்படி நடந்து வரச் சொல்லி நாங்கள் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. கௌம்பி வரேன் என்ற வரிக்கு அவனாகவே செய்தது. மேடையில் இருந்த பிள்ளைகளும் அவனோடு சேர்ந்துகொள்ள, பாட்டு முடிந்தது.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். மெலிந்த பெண்மணி. அவன் தங்கை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு எப்படி இருந்தது என்று நான்தான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு கூப்புட்டுக்கினே இருந்திச்சா டீச்சர். பின்னாலேர்ந்து கொரலு வந்ததும் இதோட அப்பாதான் வந்துட்டாருன்னு எழுந்துட்டேன். பாத்தா இது வருது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பையன் சற்றுத் தள்ளி நின்று, மேடைத் துணியை மடிப்பது போலப் பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அன்று இரவு அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸில் போவதாகச் சொன்னார். தங்கையை அவன் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். ஏதோ அவள் காதில் சொன்னான், அவள் நெளிந்து சிரித்தாள்.

அவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. குரல் ஒன்றரைக் கட்டையில் நன்றாக அமர்ந்துவிட்டது. கணக்கில்தான் சுமார். அந்தப் பெண் வேறு பிரிவு எடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் வராண்டாவில் எதிர்ப்பட்டால் இப்போதும் ஏதாவது வம்பு நடக்கும். அவன் அப்பா அந்த வருடக் காப்பி அறுவடை முடிந்து வந்தபோது, யாரோ போனில் பிடித்திருந்த பாட்டைக் கேட்டாராம். மகன் என்னைப் போலப் பாடுவதாக எல்லோரும் சொல்கிறார்கள், நான் எப்போது பாடினேன் என்று கேட்டாராம்.

ஒன்பதாம் வகுப்பில் இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லித்தரலாம் என்று நினைத்தேன். அது அண்ணன், அக்காங்களோட பாட்டு, எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். மழை பெய்தால் ஒழுகும் தங்கள் வகுப்பறையைப் பற்றி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாளியில் சொட்டும் சத்தத்தைத் தாளமாக வைத்துக்கொள்ளலாமா என்பதில் இரண்டு கட்சி. நேற்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் பஸ்ஸைத் தவற விட்டு அடுத்ததில்தான் வந்தேன்.